ஆள் வந்தால் வரும் நெட்

கிரில் மேஸ்திரி வீட்டில் நெட் போனால் அது மாடியிலிருக்கும் மகளுக்கு அடுத்தபடி கீழே பட்டறையிலிருக்கும் மேஸ்திரிக்குத்தான் தெரியும். அவர் வெல்டிங் ராடை இரும்பில் வைத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு நிமிரும்போது மாடியிலிருந்து "போச்சு!" என்று ஒரு குரல் வரும். வெல்டிங் பிடியைக் கீழே போட்டுவிட்டு, கால் செருப்பைக்கூடக் கழற்றாமல் மேலே ஓடுவார். அங்கே மகள் லேப்டாப்பின் முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பாள். சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கும் வைஃபை டப்பாவில் பச்சை விளக்குகள் செத்துப்போய் ஒரே ஒரு சிவப்பு விளக்கு முழித்துக்கொண்டிருக்கும். மேஸ்திரி இடுப்பில் கை வைத்து அந்த டப்பாவை முறைப்பார். மூன்று நிமிடம் முறைத்தால் பச்சை வந்துவிடும். பிறகு கீழே போய் மறுபடி ராடை எடுப்பார். மறுபடி "போச்சு!"

இப்படி இரண்டு மாதமாக நடந்ததில், டப்பா தனக்குப் பயப்படுகிறது என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார்.

"நான் நின்னா ஒழுங்கா இருக்கு. நான் அந்தப் பக்கம் போனதும் வேலையக் காட்டுது பாரு" என்றார் மனைவியிடம்.

"அப்ப இங்கயே நில்லுங்க. கீழ இரும்பு கேட்ட யாரு செய்யறது, டப்பாவா?" என்றாள் அவள், அடுப்பைவிட்டுத் திரும்பாமல்.

வீடு என்றால் கீழே பட்டறை, மேலே இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு. பட்டறையின் முன்பக்கத்துக்குத் தகரக் கூரை. கோடை வந்தால் அந்தத் தகரம் வாங்குகிற சூட்டையெல்லாம் வட்டியோடு மாடிக்கு அனுப்பும். மகளின் ஆபீஸ் மாடியறையின் மூலையில் இருந்தது. பழைய தையல் மேஜை மேல் ஒரு பலகை, பலகை மேல் லேப்டாப், நாற்காலிக்குப் பின்னால் கொடியில் தொங்கவிட்ட வெள்ளைப் போர்வை. போர்வை இல்லாவிட்டால் வீடியோவில் சமையற்கட்டும், அதில் அம்மா வெங்காயம் நறுக்குவதும் தெரியும். துணி துவைக்கும் மிஷின் விற்கிற ஒரு கம்பெனிக்கு வருகிற புகார்களையெல்லாம் அவள் காதில் வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுதான் வேலை. மிஷினைச் செய்தவன் எங்கேயோ நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான்; அதைப் பார்த்தேயிராத இவள் ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் மன்னிப்புக் கேட்பாள். வாழ்நாளில் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்டறியாத மேஸ்திரிக்கு இப்படி ஒரு மகள்.

மூன்று மாதம் ஒத்திகை, பிறகுதான் வேலை நிரந்தரம் என்று சொல்லித்தான் எடுத்திருந்தார்கள். இரண்டரை மாதம் ஓடிவிட்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்துபோனதை எல்லாம் கம்பெனி எண்ணி வைத்திருந்தது. டீம் லீடர் மேடம் ஒருநாள் அழைத்து, குரலை உயர்த்தாமல், "மாசக் கடைசிக்குள்ள சரி பண்ணிக்கோம்மா. இல்லன்னா நான் வேற ஆள் பாக்க வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டாள். மாசக் கடைசிக்குப் பதினான்கு நாள் இருந்தது.

முதலில் வைத்தியம் பார்த்தது மேஸ்திரியின் மைத்துனன். போன் கவர் விற்கும் கடையில் வேலை பார்ப்பவன். போனுக்குச் சட்டை போடத் தெரிந்தவனுக்குப் போனின் உடம்பும் தெரியும் என்பது அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, டீ குடித்துக்கொண்டே நோய்க்குறி கேட்டான்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணியா?"

"பண்ணேன் மாமா."

"வைஃபைய மறக்கச் சொல்லிட்டு, மறுபடி பாஸ்வேர்டு போட்டியா?"

"போட்டேன்."

"பவர் சேவிங்னு ஒரு டிக் இருக்கும். கரண்டு மிச்சம் பண்றேன்னு லேப்டாப் அதுவா வைஃபைய அணைச்சிரும். இந்தா, எடுத்தாச்சு. டிரைவரும் புதுசு போட்டாச்சு. இனிமே பாரு."

"எங்க வீட்ல எதுக்கு டிரைவரு? காரா இருக்கு?" என்றாள் அவன் அக்கா, மேஸ்திரியின் மனைவி.

"நீ சும்மா இரு அக்கா."

அன்றைக்கு ஞாயிறு. பட்டறைக்கு விடுமுறை. நாள் முழுக்க நெட் நிலையாக நின்றது. மைத்துனன் இரவுச் சோற்றுக்கு இரண்டு முட்டையோடு கௌரவிக்கப்பட்டு வழியனுப்பப்பட்டான். திங்கள் காலை ஒன்பதே முக்காலுக்குப் "போச்சு!" என்று குரல் வந்தது.

"உன் தம்பிக்கு வச்ச முட்டையைக் கோழிக்கே திருப்பிக் குடுத்திருக்கலாம்" என்றார் மேஸ்திரி.

அதன் பிறகுதான் நெட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள்.

இங்கே அந்த வீட்டின் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பட்டறைக்குத் தனியாகத் தொழில் கரண்டு லைன் கிடையாது. வெல்டிங் மிஷின் வீட்டு லைனில்தான் இருபது வருஷமாக ஓடுகிறது. அது தப்பு என்று தெருவுக்கே தெரியும். தெரியக்கூடாத ஆட்கள் மட்டும் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வருவார்கள். ஆகவே கழுத்தில் அட்டை தொங்க யார் தெருவுக்குள் நுழைந்தாலும் எதிர்க்கடைத் தையல்காரர் தொண்டையைச் செருமுவார். ஒரு செருமலுக்கு மிஷின் அணைந்துவிடும். இரண்டாவது செருமலுக்குள் அதன் மேல் சாக்கு விழுந்து, சாக்கின் மேல் ஒரு வாளியும் கவிழ்ந்திருக்கும். ஆள் பட்டறைக்கு வந்து சேரும்போது மேஸ்திரி அரத்தை வைத்து ஒரு கம்பியை ராவிக்கொண்டிருப்பார், உலகத்தில் வெல்டிங் என்று ஒன்று இருப்பதையே கேள்விப்படாதவரைப் போல. தடுப்பூசி போட வந்த பெண், தண்ணீர் வரிக்காரர், தேர்தல் பட்டியல் சரிபார்க்க வந்த வாத்தியார் என்று எல்லோருக்கும் இதே மரியாதைதான். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்துப் பயப்பட நேரம் ஏது?

நெட்டுக்காரர் கழுத்திலும் அட்டை இருந்தது. ஐம்பது வயசு இருக்கும். அட்டைப் படத்தில் இருந்த மீசை ஆளிடம் இல்லை. ஸ்கூட்டரில் ஏணியைக் கட்டிக்கொண்டு வந்தார். தையல்காரர் செருமினார். சாக்கு விழுந்தது. மேலே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார்.

"போன்லயும் இதே வைஃபைதானம்மா? போன்லயும் சேர்ந்து போகுதா?"

"ரெண்டுலயும் ஒரே நேரத்துல போகுது சார்."

"அப்ப லேப்டாப் மேல தப்பில்ல. டப்பாவோ லைனோதான்." அவர் ஒயரின் முனையை வெட்டிப் புதுசு மாட்டினார். "வீட்ல கரண்டு ஒழுங்கா வருதுங்களா?"

மேஸ்திரி கையில் அரத்தோடு வாசலில் நின்றிருந்தார். "எங்க வீட்டுக் கரண்டு தங்கம்" என்றார் அவசரமாக. "கரண்டப் பத்தி நீ ஒண்ணும் கேக்க வேணாம். உன் நெட்டப் பாரு."

அவர் நெட்டைப் பார்த்தார். அது அப்பழுக்கில்லாமல் ஓடியது. கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். ஸ்கூட்டர் முனை திரும்பியது, சாக்கு எழுந்தது, ராடு இரும்பைத் தொட்டது, "போச்சு!"

இரண்டாம் முறை டப்பாவையே மாற்றினார். கீழே இறங்கி வந்து, பட்டறையில் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தவர், சாய்மானத்துக்குச் சாக்கின் மேல் ஒரு கையை ஊன்றினார். மேஸ்திரிக்கு உயிரே இல்லை. ஆனால் மனிதர் கையை எடுத்து, கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, மேஸ்திரியின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "வர்றேன் சார்" என்று கிளம்பிப் போனார்.

மூன்றாம் முறைதான் அந்தக் கூத்து நடந்தது. அன்று வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருந்தது. பெரிய கேட் ஒன்று ஆர்டர் வந்து பாதியில் நின்றது. ஆர்டர் கொடுத்த கேட்டுக்காரர் காலையில்தான் வந்து கத்திவிட்டுப் போயிருந்தார். மாடியில் மகள் ஒரு அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கும்போது நான்கு தடவை அறுந்து, அந்த அம்மா மிஷினை விட்டுவிட்டு இவளைப் பற்றியே புகார் எழுதிவிட்டாள். நெட்டுக்காரர் வந்து, பார்த்து, "இப்ப நல்லாத்தான் சார் இருக்கு" என்று சொன்னபோது மேஸ்திரிக்குத் தலைக்கு ஏறியது. அவரைத் தெருவரைக்கும் இறக்கிக்கொண்டு வந்து, நடுத்தெருவில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இருக்காம்ல! நீ வந்தா நல்லா இருக்கு, நீ போனா நாசமாப் போகுது. டாக்டரப் பாத்ததும் ஓடிப்போறதுக்கு இது என்ன காய்ச்சலா? வேலை தெரியலன்னா தெரியலன்னு சொல்லுய்யா. எதுக்கு ஏணியச் சுமந்துக்கிட்டு ஊரைச் சுத்துற?"

"சார், நீங்க கொஞ்சம் பொறுமையா..."

"என்னய்யா பொறுமை? எம்பொண்ணு வேலை போயிடும். நீ வந்து போடுவியா சோறு? நான் இரும்புல கை வச்சா இருபது வருஷம் அசையாது. உன் கை பட்ட வேலை ரெண்டு நிமிஷம் நிக்கல. வெக்கமா இல்ல?"

தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். ஜன்னல்கள் திறந்தன. நெட்டுக்காரர் ஏணியைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, மறுபடி அதே முடிச்சைப் போட்டார். பிறகு மேஸ்திரியைத் தாண்டி, படியில் நின்ற மகளிடம் சொன்னார்: "ஒண்ணு செய்யம்மா. ஒரு நோட்டுல எழுதி வை. எத்தனை மணிக்குப் போச்சு, எப்ப வந்துச்சுன்னு. ஒரு மூணு நாளு. எழுதினதுக்கப்புறம் எனக்கு போன் பண்ணு, போதும்."

"ஆமா, வைத்தியன் முழிச்சா நோயாளிய டைரி எழுதச் சொல்வானாம்" என்றார் மேஸ்திரி, ஜன்னல்கள் எல்லாவற்றுக்கும் கேட்கும்படி.

சில ஜன்னல்கள் சிரித்தன. அன்று மதியம் நெட் கம்பெனியிலிருந்து "எங்கள் ஊழியரின் சேவை எப்படி இருந்தது" என்று ஐந்து நட்சத்திரங்களோடு செய்தி வந்தபோது, மகள் தயங்கினாள். மேஸ்திரி பக்கத்தில் நின்று ஒரே ஒரு நட்சத்திரத்தைத் தொடவைத்தார். "கீழ எழுது. வேலை தெரியாத ஆள்."

"பாவம்பா."

"எழுதும்மா. இந்த மாதிரி ஆளுங்களாலதான் நாடே இப்படி இருக்கு."

வீட்டு லைனில் வெல்டிங் ஓட்டிக்கொண்டு அவர் நாட்டைப் பற்றிப் பேசியதை யாரும் கவனிக்கவில்லை.

மகள் கல்லூரியில் பாதி எழுதி விட்டிருந்த ஒரு நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். வியாழக்கிழமை மத்தியானம் மேஸ்திரி தண்ணீர் குடிக்க மேலே வந்தபோது நோட்டு சமையற்கட்டு மேடையில் கிடந்தது. மனைவி கடைக்குப் போயிருந்தாள். மகள் போர்வைக்கு அந்தப் பக்கம் காதில் மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். சொம்பைக் கையில் பிடித்தபடி அவர் நோட்டைப் பார்த்தார்.

திங்கள்: 9.45, 9.52, 10.03, 10.20, 11.15. ஒரு மணியிலிருந்து இரண்டரை வரை ஒன்றுமில்லை. பிறகு 2.40, 2.48.

செவ்வாய்: நாள் முழுவதும் ஒன்றுமில்லை.

புதன்: ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் பதினேழு தடவை.

மேஸ்திரி பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். ஆனால் எட்டடிச் சட்டத்தில் நாலங்குல இடைவெளியில் எத்தனை கம்பி வரும் என்று நின்ற நிலையில் சொல்வார். இந்தக் கணக்கு அதைவிடச் சுலபமாக இருந்தது. ஒரு மணியிலிருந்து இரண்டரை வரை அவர் சாப்பிட்டுத் தூங்குவார். செவ்வாய்க்கிழமை ஜன்னல் கிரில் பொருத்த வெளியே போயிருந்தார். புதன்கிழமை கேட்டுக்குச் சட்டம் சேர்த்தார், பதினேழு இணைப்பு. எண்ணிப் பார்க்கத் தேவையில்லை, அவர் கையால் வைத்தது. ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் தின்ற முட்டையும் ஞாபகம் வந்தது.

அவர் வேலை செய்யாத நேரமெல்லாம் நெட் இருந்திருக்கிறது.

சொம்பில் தண்ணீர் அப்படியே இருந்தது. வெல்டிங் வைக்கும்போது வீட்டில் விளக்கு மங்கும். இருபது வருஷமாக மங்குகிறது. மகள் அந்த மங்கலில்தான் எழுத்துக்கூட்டிப் படித்தாள். வீட்டில் ஒருவரும் அதைப் பார்ப்பதில்லை, தங்கள் மூச்சைத் தாங்களே கேட்காத மாதிரி. விளக்கு மங்கிவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். லேப்டாப்புக்கு உள்ளே பேட்டரி இருக்கிறது, அதுவும் பிழைத்துக்கொள்ளும். சுவரில் இருக்கிற சின்ன டப்பாவுக்குத் தாங்கும் சக்தி இல்லை, மயங்கி விழுந்து மூன்று நிமிடம் கழித்து எழுந்திருக்கிறது. அந்த மூன்று நிமிடத்தைத்தான் அவர் இடுப்பில் கை வைத்து முறைத்திருக்கிறார்.

போர்வைக்குப் பின்னால் மகள் பேசுவது கேட்டது.

"மன்னிக்கணும் சார்... ஆமா சார், கொஞ்சம் முன்ன கேட்ட அந்தச் சத்தம் பக்கத்து வீட்டுலேர்ந்து வர்றது. ஏதோ இரும்பு வேலை நடக்குது. இல்ல சார், நாங்களும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டோம், கேக்க மாட்டேங்கறாங்க. என்ன பண்றது சார், அந்த மாதிரி ஆளுங்க."

மேஸ்திரி சொம்பைச் சத்தம் வராமல் வைத்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு படியிறங்கினார். சொந்த வீட்டில் அப்படி இறங்கியது அதுதான் முதல் தடவை.

அன்று முதல் அவருக்கு மகள் மேல் திடீர்ப் பாசம் பிறந்தது. படியடியில் நின்று அண்ணாந்து, "பாப்பா, சாப்பிட்டியா?" என்பார். "இப்பதானேப்பா சாப்பிட்டேன்." "டீ குடிக்கறியா?" "வேணாம்பா." "பாத்ரூம் போறதுன்னா போயிட்டு வாயேன்." அவள் நாற்காலியை விட்டு எழுந்த சத்தம் கேட்டால் பாய்ந்து போய் இரண்டு இணைப்பு வைத்துவிடுவார். அவள் திரும்பி வருவதற்குள் டப்பா எழுந்துவிட வேண்டுமே என்று மனசுக்குள் மூன்று நிமிடம் எண்ணுவார். இந்தக் கணக்கில் கேட் நகரவே இல்லை. கேட்டுக்காரர் வந்து, "என்ன மேஸ்திரி, கேட்ட வெல்டிங் பண்றீங்களா, பூத்தொடுக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

உண்மையைச் சொல்லிவிட்டால் ஒரே நிமிடத்தில் தீர்கிற விஷயம். ஆனால் எந்த வாயால் சொல்வது? நடுத்தெருவில் அன்றைக்குப் பேசிய வாய் அல்லவா அது? தையல்காரர் இருக்கிறார், ஜன்னல்கள் இருக்கின்றன. தப்பு நெட்டில் இல்லை, என் மிஷினில்தான் என்று ஒத்துக்கொண்டால், அந்த அட்டைக்காரரைக் கூப்பிட்டுச் சாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று படுப்பார். விடிந்தால் இரும்பில் ஒட்டிய ராடைப் போல வாய் ஒட்டிக்கொள்ளும்.

சனிக்கிழமை காலை போன் வந்தது. நெட் கம்பெனியின் சூப்பர்வைசராம். மகள் வேலையில் இருந்ததால் மனைவி போனைக் கீழே கொண்டுவந்து கொடுத்தாள்.

"சார், எங்க ஆளு மேல ஒரு ஸ்டார் போட்டிருக்கீங்க. இந்த மாசத்துல அவருக்கு வந்த ஒரே கம்ப்ளெய்ன்ட் உங்களுதுதான். அதான் ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவெடுக்கலாம்னு. வேலையே தெரியலையா அவருக்கு?"

இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஆண்டவனே அனுப்பினாலும் வராது. மேஸ்திரி தொண்டையைச் சரிசெய்துகொண்டார். எதிரே தையல்காரர் ஒரு சட்டைக்குப் பித்தான் வைத்துக்கொண்டே காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார்.

"அது வந்து... தெரியலன்னு இல்ல..."

"எழுதியிருக்கீங்களே சார்."

"அது பொண்ணு எழுதினது" என்றார் மேஸ்திரி.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்தது.

"யாரு எழுதினா என்ன சார், மூணு தடவ வந்தும் சரியாகல இல்ல? அப்ப அவரை அந்த ஏரியாவுலேர்ந்து எடுத்துட்டு வேற ஆள் போட்டுடறோம். சரிங்களா?"

"சரி."

போனைத் திருப்பிக் கொடுத்தபோது மனைவி அவர் முகத்தையே பார்த்தாள். "யாருங்க?" என்றாள். "ராங் நம்பர்" என்றார். அவர் பேசியதை முழுக்கக் கேட்டுக்கொண்டு நின்றவளிடம் இப்படி ஒரு பதில்.

அவள் மத்தியானம் வரை பொறுத்தாள். சோறு போட்டு, குழம்பை ஊற்றி, இரண்டு பேர் தட்டையும் நிரப்பிவிட்டு, கரண்டியைச் சட்டிக்குள் போட்ட சத்தத்திலேயே இன்றைக்குச் சாப்பாடு இறங்காது என்று தெரிந்துவிட்டது.

"ரெண்டு நாளா இந்த வீட்ல ஊமை நாடகம் நடக்குது. நான் டிக்கெட் வாங்காம பாத்துக்கிட்டிருக்கேன். இவரு என்னன்னா பொண்ணு பாத்ரூம் போறப்பல்லாம் வெல்டிங் பண்றாரு. இவ என்னன்னா கீழ மிஷின் சத்தம் கேட்டா, இவரு வேலை நடக்கட்டும்னு, 'ஒரு நிமிஷம் இருங்க சார்'னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போறா. விளக்கு மங்கறப்ப நெட்டு போகுது. இதுக்கு எதுக்கு ஏணி, நோட்டு, ஸ்டாரு?"

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றார் மேஸ்திரி.

"எனக்கு ஆரம்பத்துலேர்ந்து தெரியும். அரிசி வேகறப்ப மூணு தடவ மங்குச்சுன்னா நீங்க ஒரு இரும்புப் பட்டைய முடிச்சிட்டீங்கன்னு நான் தண்ணி மொண்டு வைக்கறவ. அந்த டப்பா விளக்கும் மங்குது, நம்ம வீட்டுப் பொருளுன்னா மங்கத்தானே செய்யும்னு இருந்தேன். அதுல போய் இவ்வளவு விஷயம் இருக்குன்னு எனக்கு யாரு சொன்னா? என் தம்பிகூட டிரைவருன்னுதான சொன்னான்."

மேஸ்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மகள் தட்டைப் பார்த்தபடி சொன்னாள்: "எனக்குப் புதன்கிழமையே தெரியும்பா. எழுதறப்பவே தெரிஞ்சுபோச்சு."

"ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? எனக்கு வேலை இருக்கு, நீங்க வேலை செய்யாதீங்கன்னா?"

அப்போது மேஸ்திரி வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். இரண்டு நாளாக நெஞ்சில் கிடந்தது வழுக்கி வெளியே வந்துவிட்டது.

"பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்னியே. இன்னொரு தடவ சொல்லியிருக்கலாம்ல?"

மகளின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. முகம் காதுவரை சிவந்தது. "அப்பா..." என்றாள். அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை. ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் மன்னிப்புக் கேட்டுப் பழகிய வாய்.

"விடு" என்றார் மேஸ்திரி. "நான் அதைவிட மோசமாச் செஞ்சுட்டுதான் உக்காந்திருக்கேன்." சூப்பர்வைசர் கேட்டதையும், தான் மகள் பேரைச் சொல்லித் தப்பித்ததையும் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை சோற்றைப் பார்த்துத்தான் சொன்னார். மனைவி தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

மகள் அப்போதே நெட்டுக்காரருக்குப் போன் செய்தாள். "மூணு நாள் எழுதிட்டேன் சார்" என்றாள். அந்தப் பக்கம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. "திங்கக்கிழமை காலைல வர்றேன்மா" என்றார்.

திங்கட்கிழமை ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பியதும் தையல்காரர் செருமினார். பட்டறையில் அசைவில்லை. இன்னும் பலமாகச் செருமினார். மூன்றாவது தடவை நிஜமாகவே புரையேறிவிட்டது. மேஸ்திரி சாக்கைத் தொடவில்லை. மிஷின் திறந்த மேனியாக, பச்சைப் பெயிண்ட் உரிந்து, நடுப்பட்டறையில் நின்றது. அதற்குப் பக்கத்தில் அவரும் நின்றார்.

நெட்டுக்காரர் மிஷினைப் பார்த்தார், பார்க்காததைப் போல உள்ளே வந்தார். பையிலிருந்து சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தார்.

"இது சின்ன பேட்டரி சார். டப்பாவுக்கு மட்டும். கரண்டு இறங்கினாலும் இது தாங்கிக்கும்."

பை வாயில் அந்தப் பெட்டி தயாராக இருந்த விதம் மேஸ்திரியை என்னவோ செய்தது. "முன்னயே தெரியுமா?" என்று கேட்டார்.

"ரெண்டாவது தடவ வந்தப்ப சாக்கு மேல கை வச்சேன். சுட்டுச்சு."

"அப்ப ஏன் அன்னைக்குச் சொல்லல? நான் தெருவுல நிக்க வச்சுக் கத்தறப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"தெருவுல வச்சு எப்படி சார் சொல்றது?" என்றார் நெட்டுக்காரர். "வீட்டு லைன்ல மிஷினு ஓடுதுன்னு நான் அங்க வாயத் திறந்தா, நாளைக்கு எவனாவது வந்து லைனப் புடுங்கிட்டுப் போவான். அதான் பாப்பாகிட்ட எழுதச் சொன்னேன். எழுதினா உங்களுக்குள்ளயே தெரிஞ்சிரும்னு." அவர் படியில் கால் வைத்தார். "நான் மேல மாட்டறேன். நான் சொல்றப்ப ஒரு தடவ வெல்டிங் வைங்க. நிக்குதான்னு பாத்துட்டாத்தான் நல்லது. அடுத்த வாரத்துலேர்ந்து எனக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் போட்டிருக்காங்க. அப்புறம் கூப்பிட்டா வர முடியாது."

"அந்த ஸ்டார மாத்த முடியாதா?"

"ஒரு தடவ போட்டா போட்டதுதான் சார்."

மாடியில் டப்பாவைக் கழற்றும் சத்தம் கேட்டது. மேஸ்திரி ஒரு பழைய ஆங்கிள் இரும்புத் துண்டைத் தரையில் போட்டு, எர்த் ஒயரின் கிளாம்பை அதில் கடிக்கவிட்டு, தலையில் மாட்டும் வெல்டிங் முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டார். கறுப்புக் கண்ணாடிக்குள் உலகம் அணைந்தது. தையல்காரர் கடையைவிட்டு இறங்கி வந்து நிற்பது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் தெரிந்தது. இரண்டு ஜன்னல் திறந்த சத்தமும் கேட்டது.

"வைங்க சார்!" மேலிருந்து குரல் வந்தது.

ராடை உரசினார். பொறி வரவில்லை. இரும்போடு ஒட்டிக்கொண்டது. கழுத்தைத் திருகுவதுபோலத் திருகிப் பிய்த்தெடுத்தார். முதல் நாள் வேலைக்கு வந்தவன் கையில்தான் ராடு இப்படி ஒட்டும்; இவர் முப்பது வருஷமாக ராடு பிடிக்கிறவர். மறுபடி உரசினார். மறுபடி ஒட்டியது.

"வச்சீங்களா சார்?"

"இரு... இருங்க."

மூன்றாவது தடவை பிடித்தது. கண்ணாடிக்குள் பச்சை வெளிச்சம் எழும்பியது. அவர் நிறுத்தாமல் இழுத்தார். வீட்டுக்குள் விளக்கு மங்கியிருக்கும். அவர் காதைத் தீட்டிக்கொண்டு இழுத்தார். "போச்சு" வரவில்லை.

"நிக்குதுப்பா!" என்றாள் மகள்.

"இன்னொரு தடவ வைங்க சார்."

வைத்தார். "இன்னொண்ணு." வைத்தார். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, ஒன்றுக்கும் உதவாத துண்டிரும்பில் ஒன்பது தடவை வெல்டிங் வைத்தார். ஒவ்வொரு தடவையும் மேலிருந்து "நிக்குது" என்று குரல் வந்தது. "இவரு மிஷினாலதானா?" என்று யாரோ யாரிடமோ கேட்டார்கள். தையல்காரர் என்ன பதில் சொன்னார் என்று கேட்கவில்லை, சிரிப்பு மட்டும் கேட்டது.

நெட்டுக்காரர் இறங்கி வந்து அவருக்கு எதிரே நின்றார். செருப்பு மட்டும் முகமூடியின் அடிவிளிம்பில் தெரிந்தது. வார் அறுந்து, கம்பியால் கட்டியிருந்தது. பொறி அணைந்த பிறகும் மேஸ்திரி முகமூடியைத் தூக்கவில்லை. உள்ளே இருட்டும் வேர்வையும் அவருடைய மூச்சுச் சத்தமும் இருந்தன. அதற்குள்ளேயே வைத்துச் சொன்னார்.

"என்ன சார்? கேக்கல."

எதிர்க்கடையில் சிரிப்பு நின்றிருந்தது. மேஸ்திரி முகமூடியைத் தூக்கினார். வெயில் கண்ணைக் குத்தியது. மகளும் மனைவியும் படியில் நின்றிருந்தார்கள்.

"தப்பு என் பேர்லதாங்க" என்றார், தெருவுக்கே கேட்கும்படி. "உங்க வேலைல ஒரு குறையும் இல்ல. நான் பேசினது தப்பு. மன்னிச்சிருங்க."

நெட்டுக்காரர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் காலடியில் வளைந்து நெளிந்து கிடந்த இரண்டு ராடுகளைப் பார்த்தார். குனிந்து ஒன்றை எடுத்து, விரலால் தடவி, இரும்புத் துண்டின் மேல் வைத்தார்.

"ராடு ஈரமாயிருச்சு போல சார். அதான் ஒட்டுது. கொஞ்ச நேரம் வெயில்ல காயவைங்க" என்று, அவரும் தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

மழை பெய்து நாலு மாதம் ஆகியிருந்தது.